பனியன் துணி சுற்றிய கத்தி

அரக்கு முத்திரையை உடைத்துப் பழுப்புக் காகிதத்தைப் பிரித்தபோது, கத்தி கண்ணில் படுவதற்கு முன்பே மீன் வாடை வந்துவிட்டது.

அந்தப் பொட்டலம் காவல் நிலையத்தில் சில நாட்களும் நீதிமன்றத்தில் சில வாரங்களும் கிடந்த பிறகுதான் எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தது. நான் முகக்கவசம் அணிந்திருந்தேன். அறையில் எப்போதும் நிற்கும் ஸ்பிரிட் நெடியையும் மீறி அந்த வாடை எழுந்தது. ராயபுரத்தில் பிறந்து அங்கேயே வாழ்ந்துகொண்டிருப்பவளுக்கு அது எந்த இடத்து வாடை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நீளமான, அகன்ற கத்தி. தீட்டித் தீட்டி நடுவில் சற்றே உள்வாங்கிய விளிம்பு. அலகில் காய்ந்த இரத்தம். மரக் கைப்பிடியின்மேல், ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்கக்கூடிய துணியை இறுக்கமாகச் சுற்றியிருந்தார்கள். குறிப்பேட்டில் எழுதினேன்: ‘கைப்பிடியில் அழுக்கேறிய வெண்துணி சுற்றப்பட்டுள்ளது.’

அந்த ஒரு வரியை எழுதி வைத்ததற்காகப் பின்னால் நிம்மதி அடைந்தேன். அதை அறிக்கைக்குள் கொண்டுபோகாமல் விட்டதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அப்போது நான் மரபணுப் பிரிவில் மூத்த அலுவலராக இருந்தேன். வழக்கு இதுதான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், வலை பின்னும் கொட்டகைக்குப் பின்னால், லோகநாதன் என்கிற வேன் ஓட்டுநர் குத்துப்பட்டு இறந்து கிடந்தார். உடலுக்குச் சற்றுத் தள்ளி இந்தக் கத்தி. துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கும் கஸ்தூரி என்ற பெண்ணுடைய கத்தி அது. இரண்டு நாள் முன்பே அது காணாமல் போய்விட்டது என்று கஸ்தூரி சொன்னார்.

போலீஸ் நம்பவில்லை. கஸ்தூரிக்குத் தேசிங்கு என்று ஒரு தம்பி. படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுபவர். வேன் நிறுத்தும் இடத்துக்காக லோகநாதனும் தேசிங்கும் அந்த வாரம்தான் பலர் பார்க்கக் கைகலந்திருந்தார்கள். கொலை நடந்த மறுநாளே தேசிங்குவைக் கைது செய்துவிட்டார்கள்.

பொட்டலத்தோடு வந்த கடிதத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: ‘மேற்படி கத்தியைத் தான் ஒருபோதும் தொட்டதே இல்லை என்று எதிரி கூறுகிறார்.’ தமிழ்நாட்டுக் காவல்துறை மொழியில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். யாருக்கு எதிரி என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

அலகில் இருந்த இரத்தம் இறந்தவருடையது. அதில் ஐயமில்லை. பிறகு கைப்பிடித் துணியில் இரத்தம் படாத பகுதியை ஈரப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தேன். செல்களை உடைத்து, உள்ளிருக்கும் மரபணுவைப் பிரித்து, குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் பெருக்கி, கருவியில் ஓடவிட்டால் கணினித் திரையில் சிகரம் சிகரமாக வரும். அன்று ஓர் ஆணின் வரிசை தெளிவாக வந்தது. தேசிங்குவின் இரத்த மாதிரியோடு எல்லா இடத்திலும் பொருந்தியது. சிகரங்களுக்கு நடுவே புல் முளைத்தாற்போலச் சில சிறு முனைகளும் தெரிந்தன. இன்னொருவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ‘பொருள்கொள்ளப் போதாது’ என்று ஓரத்தில் குறித்துவிட்டு நகர்ந்தேன்.

அறிக்கையில் ஒரே வாக்கியம். ‘கத்தியின் கைப்பிடியிலிருந்து பெற்ற மரபணு வகை, எதிரி தேசிங்குவின் மரபணு வகையோடு ஒத்துப்போகிறது.’ கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன்.

தொட்டதே இல்லை என்று சொன்ன மனிதர் அந்த வாக்கியத்தால் பொய்யர் ஆனார். அவருடைய ஜாமீன் மனு தள்ளுபடியானது. அவர் புழல் சிறையிலேயே இருந்தார்.

வாசகர் ஒருவரின் கேள்வி

இந்தத் தொடரின் சென்ற வாரத்துப் பகுதியைப் படித்துவிட்டுத் திருவொற்றியூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ‘டி.என்.ஏ. பொருந்திவிட்டால் வழக்கு முடிந்ததுதானே, அதற்கு மேல் நீதிபதிக்கு என்ன வேலை?’ என்பது அவருடைய கேள்வி. கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டிருக்கிறார். அவருக்கான பதிலாகத்தான் இந்தக் கத்தியை எடுத்திருக்கிறேன். அதற்கு முன் இரண்டு பழைய விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

முகத்துவாரத்தில் ஒதுங்கியவர்

மரபணுச் சோதனையை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். என் வாழ்நாளில் அதைவிட நேர்மையான சாட்சியை நான் கண்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளில், எண்ணூர் முகத்துவாரத்தில் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் இல்லை. உடையும் இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாத மகனைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாயை ஆய்வகத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனியில் ஊசி குத்தும்போது கேட்டுக்கொண்டார்:

“எனுக்கு எவ்ளோ ரத்தம் வேணா எடுத்துக்கமா. அவன் எலும்ப மட்டும் ஒடிக்காத.”

ஒடிக்காமல் ஒரு பல்லை வைத்தே முடித்தோம். தாய்க்கும் பல்லுக்கும் உறவு தெளிவாக வந்தது. அந்த அம்மாள் தன் மகன் என்று அறிந்து ஒருவரை அடக்கம் செய்தார். அதற்கு முந்தைய காலமாக இருந்தால் இரத்த வகையைப் பார்த்து ‘இருக்கலாம்’ என்று எழுதியிருப்போம். இருக்கலாம் என்ற சொல்லைக் கல்லறையில் பொறிக்க முடியாது.

இது யாருடையது என்ற கேள்விக்கு மரபணு அவ்வளவு திடமாகப் பதில் சொல்லும். கலப்பில்லாமல், போதிய அளவில் கிடைத்தால், இன்னொரு மனிதருக்கு அதே வரிசை அமைவது ஏறக்குறைய நடவாத காரியம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் மட்டும் விலக்கு.

சட்டைப் பொத்தானில் நான்

இரண்டாவது விஷயம் சற்று வெட்கக்கேடு. ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருடைய மரபணு வரிசையையும் நாங்கள் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்போம். எங்களை நாங்களே கண்டுபிடிப்பதற்காக.

ஒருமுறை கொலை வழக்கு ஒன்றில், இறந்தவரின் சட்டைப் பொத்தானிலிருந்து ஒரு பெண்ணின் வரிசை வந்தது. விசாரணை அதிகாரி உற்சாகமாகிவிட்டார். பெண் தொடர்பு இருக்கிறது என்று அவர் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாராம். எங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் நான்தான்.

அன்று காலை முகக்கவசத்தைத் தாழ்த்திக்கொண்டு, சட்டைக்கு அருகில் நின்று, தொலைபேசியில் யாருக்கோ வழி சொன்னது நினைவுக்கு வந்தது. எச்சில் தெறித்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை.

எங்கள் அலுவலக உதவியாளர் ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “மேடம், அன்னைக்கு எங்க இருந்தீங்கன்னு சாட்சியோட சொல்லிடுங்க” என்று சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். ஒரு பொருளின்மேல் என் உடலின் துகள் இருப்பதற்கு நான் அங்கே இருந்திருக்கவே தேவையில்லை என்பதை என் மரபணுவைக் கொண்டே கற்றிருந்தேன். அப்படிக் கற்றவள்தான் தேசிங்குவின் வழக்கில் தவறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன்

அறிக்கை போய்ப் பல மாதங்கள் கழிந்தன. நான் வேறு வழக்குகளில் மூழ்கியிருந்தேன்.

ஞாயிறுகளில் முதல் பூசை முடிந்து, மாதா கோயிலிலிருந்து நேராகக் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். துறைமுகத்தில் எழுத்தராக இருந்த அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மீனை ஓர் இடத்தில் வாங்குவோம். வெட்டுவதற்கு வேறோர் இடம். அங்கே மரக்கட்டைகளை முன்னால் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் எப்போதும் கொடுப்பது அஞ்சலையிடம். ஐம்பதைத் தாண்டியவர், வாயும் கையும் ஒரே வேகம்.

அன்று சங்கரா வாங்கியிருந்தேன். அஞ்சலை இரண்டு மீனை வெட்டிவிட்டு நிறுத்தினார்.

“இரும்மா, கத்தி வழுக்குது. சுத்திகினு வெட்டறேன்.”

கைப்பிடியில் இருந்த நைந்த துணியைப் பிரித்து எறிந்துவிட்டு, பக்கத்திலிருந்த பையிலிருந்து ஒரு பழைய பனியனை எடுத்தார். பல்லால் ஓரத்தைக் கடித்து, நீளமாக ஒரு பட்டையைக் கிழித்துச் சுற்ற ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் காத்திருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா அஞ்சல, கத்திக்குப் பொடவ கட்டி வுடறியா? ஜல்தியா ஆவட்டும்.”

“ஒனக்கு இன்னா? என் கை அறுத்துகினா ஒன் மீன்லதான் ரத்தம் வுழும். துன்னுவியா?”

சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே, புதுத்துணி வாங்கிச் சுற்றினால் இன்னும் சுத்தமாக இருக்குமே என்றேன்.

“புதுத்துணி நிக்காதும்மா. செதிலு பட்டா வழுக்கிகினு பூடும். வேர்வ ஊறுன பனியன்தான் கெட்டியா புடிக்கும். எங்க வூட்டுக்காரரு பனியன் இது. ஆணில மாட்டிக் கீச்சிகினாரு. இந்த வரிசைல எல்லாம் அப்பிடித்தான். புருசன் பனியன், தம்பி பனியன், எது கீதோ அது.”

அவர் சுற்றி முடித்து வைத்த கத்தி கட்டையின் ஓரத்தில் இருந்தது; அதை அவர் பக்கம் தள்ளலாம் என்று கையை நீட்டினேன்.

“கத்தியத் தொடாதம்மா!”

கையை இழுத்துக்கொண்டேன்.

“கோச்சிக்காத. ஒருத்தி கத்திய இன்னொருத்தி தொட மாட்டோம். எங்க வூட்டுக்காரரே தொட மாட்டாரு. தொட்டா அன்னிக்கு கை வெட்டிக்கும். வேற ஒண்ணும் இல்ல.”

அவருடைய கணவர் அந்தக் கத்தியைத் தொட்டதே இல்லை. ஆனால் அவருடைய வியர்வை அதன் கைப்பிடி முழுவதும் ஆறேழு சுற்றாகச் சுற்றப்பட்டிருந்தது.

சங்கராவின் செதில்கள் என் செருப்பின்மேல் தெறித்துக்கொண்டிருந்தன. சிறு வயதிலிருந்து நூறு முறையாவது இந்தத் துணி சுற்றலைப் பார்த்திருப்பேன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஆய்வகத்து வெள்ளைத் தாளின்மேல் அதே மாதிரிக் கத்தியை வைத்தபோது என் கண்ணுக்கு அது வெறும் ‘கைப்பிடி’யாக இருந்திருக்கிறது.

“கேட்டதுக்கு மட்டும்”

திங்கட்கிழமை கோப்பை எடுத்தேன். நான் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணியின் ஒரு விளிம்பு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. பனியனின் அக்குள் ஓரம் போலத் தெரிந்தது.

அரசு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். கெட்டவர் அல்ல. மேசையில் மலையாகக் கோப்புகள்.

“மேடம், உங்க ரிப்போர்ட் தெளிவா இருக்கு. கோர்ட்ல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்.”

“யாருக்கும் கேக்கத் தோணாத கேள்வி ஒண்ணு இருக்கு சார்.”

“தோணலைன்னா எதிர்த்தரப்பு வக்கீல் கவலைப்படட்டும்.”

என் அறிக்கையில் துணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் அந்தத் தரப்பு வக்கீலும் கேட்டிருக்க முடியாது. ‘சகோதரிக்கு உதவியாக எப்போதாவது கத்தியை எடுத்திருப்பார்’ என்று வாதிட்டால் தேசிங்கு எளிதில் தப்பியிருப்பார். தேசிங்கு அப்படிச் சொல்ல மறுத்தார். தொடவில்லை என்றால் தொடவில்லை. வரிசையில் இருந்த மற்றப் பெண்களும் போலீஸிடம் அதையே சொல்லியிருந்தார்கள்: ஒருவர் கத்தியை இன்னொருவர் தொடமாட்டோம். அவர்கள் எல்லோரும் சொன்ன உண்மை, என் அறிக்கையின் பக்கத்தில் வைத்தபோது தேசிங்குவுக்கு எதிராகவே நின்றது.

எங்கள் தலைமை அலுவலரிடம் போனேன். கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க பண்ணது தப்புன்னு நீங்களே எழுதித் தரீங்களா?”

“பண்ணது சரி சார். விட்டதை எழுதித் தரேன்.”

இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கத்தியை மறுபரிசோதனைக்கு அனுப்பும்படி நீதிமன்றத்துக்குக் கடிதம் போயிற்று. அந்த அனுமதி வர இன்னும் சில மாதங்கள் ஆயின. அத்தனை நாளும் ஒரு மனிதர் புழலில் இருக்கிறார் என்பதை நான் மறக்கவில்லை என்று எழுத ஆசைதான். சில நாட்கள் மறந்தேன்.

ஆறு சுற்று

இரண்டாம் முறை பொட்டலத்தைப் பிரித்தபோது வாடை மிகவும் தேய்ந்திருந்தது.

இம்முறை கத்தியோடு கஸ்தூரியின் இரத்த மாதிரியும் வந்திருந்தது. இடுக்கியால் துணியின் நுனியைப் பிடித்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். ஆறு சுற்று. ஒவ்வொன்றின் உட்பக்கத்திலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுத்தேன். என் தர்க்கம் எளியது. கத்தியைப் பிடித்த கை வெளிச்சுற்றைத்தான் தொட்டிருக்க முடியும். மூன்றாம் சுற்றின் உட்புறத்தை எந்தக் கையும் எட்டாது.

தேசிங்குவின் மரபணு எல்லாச் சுற்றிலும் இருந்தது. உள்ளே போகப்போக அதிகம். துணியை முழுதாகப் பிரித்தபின் தெரிந்த மரத்தில் அவருடையது அறவே இல்லை. அங்கே இருந்தது கஸ்தூரியுடையது மட்டும். ஆண்டுக்கணக்கில் அழுத்திப் பிடித்த கை.

வெளிச்சுற்றில் முன்பு பார்த்த சிறு முனைகள் இப்போதும் இருந்தன. அவற்றில் சில கஸ்தூரியுடையவையாக இருக்கலாம். சில, கத்தியைக் கடைசியாகப் பிடித்தவருடையவையாக இருக்கலாம். அந்த ஆள் கையுறை அணிந்திருந்தால் ஒன்றுமே விழுந்திருக்காது. எப்படிக் கணக்கிட்டும் அவற்றிலிருந்து ஒரு மனிதரை என்னால் உருவாக்க முடியவில்லை. முதல் முறை ‘போதாது’ என்று எழுதிய இடத்தில் மறுபடியும் ‘போதாது’ என்றே எழுதினேன். ஆனால் இம்முறை ஓரத்தில் எழுதாமல், அறிக்கைக்குள்ளேயே எழுதினேன்.

கூண்டில்

நான் சாட்சி சொன்ன அன்று கஸ்தூரியையும் மறுபடி அழைத்திருந்தார்கள். அவர் முதலில் ஏறினார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பழைய வெட்டுத் தழும்புகள். தம்பியைப் பார்க்காமல் நீதிபதியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துணியைக் காட்டி, இது என்ன என்று தேசிங்குவின் வக்கீல் கேட்டார்.

“என் தம்பி பனியன்.”

“எப்படித் தெரியும்?”

“நான்தான கீச்சேன்? ஐசு ஒடச்சிட்டு வந்து கலீஜா கீதுன்னு கழட்டிப் போட்டான். கக்கத்துல கிழிஞ்சிருந்திச்சி. அப்பவே கீச்சி, கத்தியக் கழுவி, சுத்தி வச்சிட்டு தண்ணி புடிக்கப் போனேன். வந்து பாத்தா கத்தியக் காணம்.”

நீதிபதி குறுக்கிட்டார். “இதை ஏன் முதலிலேயே போலீஸில் சொல்லவில்லை?”

கஸ்தூரி ஒரு கணம் திகைத்தார். கேள்வியே அவருக்கு விளங்காதது போல இருந்தது.

“யாருங்க கேட்டாங்க? கத்தி ஒன்துதானன்னாங்க, ஆமான்னேன். ஒன் தம்பி தொடுவானான்னாங்க, மாட்டான்னேன். துணி சுத்தறதெல்லாம் ஒரு விசயமா? எல்லாந்தான் சுத்திகினுகீறாங்க. மிசினு வேர்வயக்கூட புடிக்கும்னு எனுக்கு இன்னா தெரியும்?”

அரங்கில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. நானும்.

பிறகு நான் ஏறினேன். அரசு வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வியே கூர்மையானது.

“உங்கள் முதல் அறிக்கை தவறா?”

“அதில் எழுதியது சரி. எழுதாமல் விட்டது தவறு. மாதிரியைக் கைப்பிடி மரத்திலிருந்து எடுக்கவில்லை, அதன்மேல் சுற்றியிருந்த துணியிலிருந்து எடுத்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும்.”

நீதிபதி எழுதிக்கொண்டே கேட்டார். “அப்படியானால் எதிரி இந்தக் கத்தியைப் பிடிக்கவில்லை என்கிறீர்களா?”

தேசிங்கு அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். மெலிந்த மனிதர். ஐஸ் பாளம் தூக்கிய தோள்கள் சட்டைக்குள் தொங்கிப்போயிருந்தன. ‘பிடிக்கவில்லை’ என்ற ஒரு சொல்லை நான் சொல்லிவிட்டால் அவருக்கு எத்தனை ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சொல் என்னிடம் இல்லை.

“அப்படிச் சொல்ல முடியாது ஐயா. பிடித்தார் என்பதற்கு இந்த மரபணு சான்றாகாது என்று மட்டும் சொல்ல முடியும். துணி அவருடையது. அந்தத் துணியை அவர் அணிந்திருந்த நேரம் எது, கொலை நடந்த நேரம் எது என்று மரபணுவுக்குத் தெரியாது. அது யாருடையது என்று சொல்லும். எப்போது வந்தது, எப்படி வந்தது என்று சொல்லாது.”

“முதல் அறிக்கையைப் படித்தபோது எங்களுக்கு அப்படித் தோன்றவில்லையே.”

“எனக்கும் தோன்றவில்லை ஐயா.”

திருவொற்றியூர் ஆசிரியருக்கு என் பதில் இதுதான். நீதிபதியின் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பேபி கேட்டது

வெளியே வந்து நடைக்கூடத்து விசிப்பலகையில் உட்கார்ந்தேன். தொண்டை வறண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் தாலி இல்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி. அதைத் திறந்து என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

“நான் லோகு பொஞ்சாதி. பேபி.”

புட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“மொதல்ல அவன்தான்னு நீதான எழுதிக் குட்த்தியாம்?”

“ஒத்துப்போகுதுன்னு எழுதினேன்.”

“இப்ப இல்லன்ற.”

“அவர் இல்லைன்னும் சொல்லலம்மா. அவர்தான்னு என்னால சொல்ல முடியாதுன்னு சொன்னேன்.”

பேபி அதை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்ப்பதுபோல உதட்டை அசைத்தார்.

“சரி. அப்ப யாரு?”

நான் புட்டியை அவர் பக்கம் நீட்டினேன்; அவர் வாங்கவில்லை.

“இத்தினி நாளா ராத்திரி படுத்தா தேசிங்கு மூஞ்சிதான் வரும். திட்டிகினே தூங்குவேன். இனிமே எவன் மூஞ்சிய நெனச்சித் திட்டுறது?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ரேஷன் கடையில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியவில்லை என்று கூண்டில் சொல்வதற்கு எனக்குப் பயிற்சி உண்டு. விசிப்பலகையில் அதைச் சொல்ல அன்று வரை யாரும் என்னைப் பழக்கியிருக்கவில்லை.

அவர் புட்டியைத் திரும்ப வாங்கி, மூடியை இறுக்கமாகத் திருகிவிட்டு எழுந்து போனார்.

பூப்போட்ட துணி

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனை அளித்துத் தேசிங்குவை விடுதலை செய்தார்கள். வேறு யாரையும் இதுவரை பிடிக்கவில்லை. அதன்பின் என் அறிக்கைகளில், மாதிரியை எதன்மேலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன் என்று ஒரு பத்தி தவறாமல் இருக்கும். படிப்பவர்களுக்குச் சலிப்பூட்டும் பத்தி.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு ஞாயிறு, காசிமேட்டில் அஞ்சலையின் இடம் காலியாக இருந்தது. மகள் வீட்டுக்கு அத்திப்பட்டு போயிருக்கிறாராம். வெட்டாத வஞ்சிர மீனோடு நின்றுகொண்டிருந்த என்னை, நாலு கட்டை தள்ளியிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

“கோர்ட்டு அம்மா! இங்க வா, நான் போட்டுத் தரேன்.”

கஸ்தூரி. வழக்கு முடிந்துவிட்டது, நானும் வேலையில் இல்லை. போனேன்.

புதுக் கத்தி. பழையது இன்னும் ஏதோ ஒரு நீதிமன்ற அலமாரியில் இருக்கும். புதுக் கத்தியின் கைப்பிடியில் நீலப் பூப்போட்ட துணி சுற்றியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“என் பொடவ. பனியன் அளவுக்கு நிக்காது, வழுக்குது. பரவால்ல. இனிமே எவனாச்சும் தூக்கினு போய் எவனையாச்சும் குத்தினா என் பேரே வரட்டும். நானே உள்ள போறேன்.”

சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்தார். பக்கத்துக் கட்டைக்காரி, “நீ உள்ள போனா அங்க மீனே போட மாட்டாங்கடி” என்றதும் இன்னும் சிரிப்பு.

சற்றுத் தொலைவில், படகுக்கு ஐஸ் ஏற்றும் சரிவில், தேசிங்கு நின்றிருந்தார். தோள் மறுபடி விரிந்திருந்தது. ஐஸ் தூள் தலையில் படிந்திருந்தது. என்னை அடையாளம் கண்டாரா என்று தெரியவில்லை; குனிந்து அடுத்த பாளத்தைத் தூக்கினார்.

“தம்பி எப்படி இருக்கார்?”

“கீறான். நல்லாத்தான் கீறான்.” கஸ்தூரியின் கை நிற்காமல் வெட்டிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் தாழ்ந்தது. “பனியன் கிழிஞ்சா தூக்கிப் போட மாட்டான்மா இப்பல்லாம். அடுப்பாண்ட எட்த்துகினு வந்து, என்னிய கூப்ட்டு, என் கண்ணு எதிர்க்க எரிக்கறான். சாம்பலா ஆவற வரிக்கும் நின்னு பாத்துட்டுதான் வேலைக்குப் போவான்.”

மீனைப் பையில் போட்டு நீட்டினார். கத்தி எங்கள் இருவருக்கும் நடுவே, கட்டையின்மேல் கிடந்தது. அதன்மேல் என் கை படாதபடி சுற்றி நீட்டி, பையை வாங்கிக்கொண்டேன்.